அக்கா திருப்பிக் கொண்டுவந்த பாட்டில்

போன வருடம் அக்காவுக்கு நான் வரைந்து கொடுத்த கண்ணாடி பாட்டில் ஒரு துணிப்பைக்குள் இருந்து என் மேசைக்குத் திரும்பி வந்தது. நீல அடிவண்ணம், அதன்மேல் வெள்ளைப் பூக்கள். அடியிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு வண்ணமே இல்லை. "ஈரத் துணியால துடைச்சேன், அவ்வளவுதான். தோல் மாதிரி கழண்டு வந்துடுச்சு" என்றாள் அக்கா. அவள் குரலில் தன்மேல் ஏதோ தப்பு என்ற தயக்கம் இருந்தது. தப்பு அவளுடையது இல்லை.

விட்டுப்போன ஓரத்தில் நகத்தை வைத்து லேசாக நெம்பினேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு, பூவும் இலையுமாக, பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம் வழவழவென்று பளபளத்தது. மரத்திலோ காகிதத்திலோ இருந்து வண்ணத்தைப் பிய்த்தால் அடிப்பக்கத்தில் நார், துகள் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். இதில் ஒன்றுமே இல்லை. அத்தனை மாதமும் அந்த வண்ணம் பாட்டிலைச் சட்டையாகப் போட்டுக்கொண்டிருந்ததே தவிர, பிடித்துக்கொள்ளவே இல்லை.

இந்த ஒரு துண்டுதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது. நான் பூசியிருந்த அக்ரிலிக் வண்ணம் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் வெளியேற வெளியேற அந்தத் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடுகின்றன. மரத்தில் பூசினால் அந்தப் படலம் துளைகளுக்குள் இறங்கி வேர் விடும். கண்ணாடியில் துளை கிடையாது, அது எதையும் உறிஞ்சாது. படலம் மேலே படுத்திருக்கும், அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் நுழைய இடம் கிடைத்தால் போதும், அடியில் அது பரவிப் படலத்தைத் தூக்கிவிடும். அக்கா அந்த பாட்டிலைச் செடி வைத்த ஈரத் திண்டில் வைத்திருந்தாள். உரிதல் அடியிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் அது.

இன்னொரு காரணமும் உண்டு, முதல் தடவை அது எனக்குத் தெரியாது. தொழிற்சாலையிலேயே பாட்டிலுக்கு இரண்டு பூச்சு கொடுக்கிறார்கள். அச்சிலிருந்து சூடாக வெளியே வரும்போது டின் ஆக்சைடு, பிறகு மெல்ல ஆறவைக்கும் நீண்ட சூளையைத் தாண்டியதும் பாலிஎத்திலீன் போன்ற மெழுகுத்தன்மையுள்ள ஒரு பூச்சு. பாட்டில்கள் வரிசையில் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழாமல் இருக்கத்தான் இது. கையில் எடுத்தால் புது பாட்டில் வழுக்குவது இதனால்தான். எதுவும் ஒட்டக்கூடாது என்றே பூசிய ஒன்றின்மேல் நான் வினிகரால் ஒரு தடவை துடைத்துவிட்டு வரைந்திருக்கிறேன்.

சரி, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று முடிவெடுத்தேன். ஒன்றை மட்டும் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. அதனால் அக்காவின் தெளிவான 750 மி.லி. பாட்டிலோடு, வீட்டில் கிடந்த பச்சை பாட்டில் ஒன்றையும் குட்டையான பழுப்பு பாட்டில் ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

பழைய வண்ணத்தை எடுப்பது சுலபமாக இருந்தது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்த வாளியில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பாதி தானாகவே மிதந்துகொண்டிருந்தது. அவுட்லைனரால் புடைப்பாகப் போட்ட கோடுகள் மட்டும் அடம்பிடித்தன. கண்ணாடியை ஈரமாகவே வைத்துக்கொண்டு, பிளேடைப் படுக்கைவாட்டில் சாய்த்துத் தள்ளினால் அவையும் வந்துவிடும். பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் கீறல் விழும்.

லேபிள் விஷயத்தில் மற்ற இரண்டும் இரண்டு குணம். பச்சை பாட்டிலில் இருந்தது காகித லேபிள். அரை மணி நேரம் ஊறியதும் வழுக்கிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அதன் பசை தண்ணீரில் கரையக்கூடியது. பழுப்பு பாட்டிலில் ஸ்டிக்கர் வகை. அதை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பயனில்லை. ஹேர் டிரையரால் சூடுகாட்டி மேல்தாளை மெதுவாக உரித்தேன். மிச்சமிருந்த பிசுபிசுப்பின்மேல் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துப் பூசி இருபது நிமிடம் விட்டேன். இந்தப் பசை தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். சோடா நைசான தேய்ப்பானாக உதவும். ஆனால் இந்த வழியில் பசை போன இடத்தில் எண்ணெய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வண்ணத்துக்குப் பசையை விட எண்ணெய் பெரிய எதிரி.

அதனால் சுத்தம் செய்யும் வேலைக்கு இந்த முறை முழுதாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினேன். முதலில் சோப்பு. பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு கரண்டி சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நைலான் நாரால் தேய்த்தேன். பிறகு நல்ல தண்ணீரில் அலசல். அதற்கப்புறம்தான் சோதனை.

இந்தச் சோதனையை எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். பாட்டிலைக் குழாயடியில் காட்டிவிட்டுச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் எப்படி வடிகிறது என்று பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே விரிப்பாக, கிழிசல் இல்லாத மெல்லிய துணி போல மூடிக்கொண்டு இறங்கும். எண்ணெயோ மெழுகோ இருக்கும் இடத்தில் அந்த விரிப்பு கிழியும். ஓரங்கள் சுருங்கி, தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பழுப்பு பாட்டிலில் லேபிள் இருந்த இடம் அப்படியே செவ்வகமாகத் தெரிந்தது. லேபிள் போய் இரண்டு நாள் ஆகியிருந்தும் அதன் உருவம் தண்ணீரில் வரைந்தது போல நின்றது. தெளிவான பாட்டிலின் தோள்பட்டையிலும் ஒரு வளையம் இருந்தது. மறுபடி சோடா, மறுபடி தேய்ப்பு. மூன்றாவது தடவைதான் மூன்று பாட்டில்களிலும் தண்ணீர் கிழியாமல் இறங்கியது. வெறும் கண்ணுக்கு முதல் தடவையே எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தன.

உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் வண்ணம் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். பாட்டில் முழுக்க வண்ணத்தால் மூடுவதாக இருந்தால், நைசான தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். நான் கண்ணாடி தெரியும்படி விட்டு, இடையிடையே மட்டும் வரைய நினைத்தேன். தேய்த்த இடமெல்லாம் மங்கலாகிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. ஒளி உள்ளே போய் வரும் பொருளை முழுக்க மூடிவிட மனசு வரவில்லை. என் முதல் பாட்டிலில் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான்.

உள்ளே ஈரம் போக இரண்டு நாள் தலைகீழாகச் சாய்த்து வைத்தேன். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து வெளிப்பக்கம் முழுக்க ஒரு துடைப்பு. அது காய்ந்த நொடியிலிருந்து பாட்டிலின் உடம்பில் கைபடக்கூடாது. வாய்க்குள் ஒரு குச்சியைத் துணி சுற்றிச் செருகி, அதைப் பிடித்துத்தான் தூக்கினேன். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒரு இலையைக் கழற்றப் போதும். இவ்வளவு கவனமாக இருந்தும், ஒரு தடவை ரப்பர் பேண்ட் நழுவியபோது தெளிவான பாட்டிலைச் சட்டென்று உடம்போடு பிடித்துவிட்டேன். ஆல்கஹாலால் மறுபடி துடைத்தேன். துடைத்தது போதும் என்றுதான் நினைத்தேன்.

வண்ணத்தில் மூன்று வகை கையில் இருந்தன. சாதாரண அக்ரிலிக் ஒன்று. ஓவனில் சுட்டு உறுதியாக்கும் கண்ணாடி எனாமல் ஒன்று. ஒளி ஊடுருவும் கரைப்பான் வகைக் கண்ணாடி வண்ணம் ஒன்று. மூன்றாவது பார்க்க ரொம்ப அழகு, ஆனால் தட்டையான கண்ணாடியைப் படுக்கவைத்துப் பூசும்போதுதான் அந்த அழகு நிற்கிறது. வளைந்த பாட்டிலில் வழிந்து ஒரு பக்கம் தேங்கும். வாடையும் அதிகம், ஜன்னல் திறந்திருந்தாலும் எனக்குத் தலைவலி வந்தது. பச்சைக் கண்ணாடியின்மேல் அது சேறு மாதிரி தெரியும் என்பது இன்னொரு குறை. அதனால் தெளிவான பாட்டிலுக்கும் பச்சைக்கும் எனாமல், பழுப்புக்கு ப்ரைமர், அதாவது வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு, பூசி அதன்மேல் அக்ரிலிக் என்று பிரித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாட்டிலாவது சுடாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். ஒவ்வொன்றின் அடியோரத்திலும், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அதே வண்ணத்தால் ஒரு சின்னப் பட்டை போட்டேன். பிறகு நகத்தால் கீறிப் பார்க்க அது தேவைப்படும்.

வடிவத்தைச் சுற்றிலும் சமமாகப் பிரிப்பதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலைச் சுற்றி, சேரும் இடத்தில் வெட்டுங்கள். என் பாட்டிலுக்கு 24 செ.மீ. இருந்தது. அதை மூன்று தடவை மடித்தால் எட்டுப் பங்கு, ஒவ்வொன்றும் 3 செ.மீ. கிடைக்கோட்டுக்கு ரப்பர் பேண்ட். பாட்டிலின் இரண்டு பக்கத்திலும் மேலிருந்து கீழாக அச்சின் மூட்டுக் கோடு ஒன்று ஓடும், கையால் தடவினால் தெரியும். கொடியின் தண்டு அந்தக் கோட்டின்மேல் வரும்படி வைத்தேன். தழும்பு மறைந்தது, தண்டும் நேராக நின்றது.

தெளிவான பாட்டிலுக்கு, வரைந்த தாளைப் பென்சில் கனத்துக்குச் சுருட்டிக் கழுத்து வழியாக உள்ளே விட்டேன். உள்ளே போனதும் அது தானாக விரிந்து சுவரில் ஒட்டிக்கொண்டது, ஒரு நீளக் குச்சியால் நகர்த்திச் சரிசெய்தேன். பச்சையிலும் பழுப்பிலும் உள்ளே இருக்கும் கோடு தெரியாது. அவற்றுக்குத் தாளின் பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, வெளியே ஒட்டி, மேலே பென்சிலால் அழுத்தினேன். மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. மெழுகுப் பென்சில் வேண்டாம், அதன் கோட்டின்மேல் வண்ணம் உட்காராது.

வரையும்போது பாட்டில் உருளக்கூடாது. ஓர் அட்டைப்பெட்டியின் இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் 'வி' வடிவில் வெட்டி, பாட்டிலை அதில் படுக்கவைத்தேன். சுண்டுவிரலைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது.

இலைக்கு 2ஆம் எண் உருண்டை பிரஷ். செயற்கை மயிர், மென்மையானது. வண்ணத்தில் தண்ணீர் கலக்கவே இல்லை, கலந்தால் ஒட்டும் சக்தி குறைந்துவிடும். பிரஷின் முனையைத் தண்டிலிருந்து வைத்து, மயிர் விரியும் அளவுக்கு அழுத்தி, நகர்த்திக்கொண்டே அழுத்தத்தை மெல்ல விட்டு, முனை மட்டும் தொட்டபடி தூக்கினால் ஓர் இலை. காகிதத்தில் பிரஷ் கொஞ்சம் தடுக்கும், அந்தத் தடுப்பை நம்பித்தான் கை பழகியிருக்கும். கண்ணாடியில் தடுப்பே கிடையாது, பிரஷ் சறுக்கிப் போய்விடும். ஒரு பழைய கண்ணாடி ஜாடியில் நாற்பது ஐம்பது இலை போட்டுத் துடைத்துத் துடைத்துப் பழகிய பிறகே பாட்டிலைத் தொட்டேன். தப்பாகப் போன இலையை அந்த நிமிடமே ஆல்கஹால் நனைத்த காது குடையும் பட்ஸால் எடுத்துவிடலாம். அழிக்கத் தயங்க வேண்டாம், கண்ணாடி இந்த விஷயத்தில் காகிதத்தை விட இரக்கமுள்ளது.

தெளிவான பாட்டிலில் ஓர் அதிசயம் உண்டு. முன்பக்கத்திலிருந்து பார்த்தால், எதிர்ச்சுவரில் வரைந்த இலைகளின் முதுகும் தெரியும். அதாவது கண்ணாடியில் முதலில் பட்ட பூச்சு எதுவோ, அதுதான் அந்தப் பக்கம் காட்சி தரும். வெள்ளையை அடிப்பூச்சாகக் கொடுத்தால் எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளைத் திட்டாக இருக்கும். அதனால் முதல் பூச்சையே அடர்ந்த பச்சையாகக் கொடுத்து, அதன்மேல் வெளிர் பச்சையால் நரம்பும் வெளிச்சமும் வைத்தேன். இப்போது முன்னால் வெளிச்சமான இலைகள், அவற்றின் இடைவெளியில் பின்னால் இருண்ட இலைகள். ஒரு புதருக்குள் எட்டிப் பார்ப்பது போல ஆழம் வந்துவிட்டது. திட்டமிட்டுச் செய்ததுதான் என்றாலும், முதல் தடவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

பச்சை பாட்டிலில் தவறு நடந்தது. முதல் பூச்சு போட்டு இருபது நிமிடம் கழித்து விரலால் தொட்டேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று இரண்டாம் பூச்சைத் தொடங்கினேன். இரண்டாவது இழுப்பிலேயே பிரஷ் அடிப்பூச்சைக் கிழித்து உருட்டிக்கொண்டு வந்தது, நடுவில் வெறும் கண்ணாடி. காகிதத்தில் ஈரம் மேலேயும் போகும், கீழேயும் இறங்கும். கண்ணாடியில் கீழே வழி இல்லை, மேலே மட்டும்தான். அதனால் மேற்புறம் முதலில் ஆடை கட்டும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அங்கேயே தொட்டுச் சரிசெய்யப் போனால் கிழிசல் பெரிதாகும். பிரஷைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் வரை விட்டேன். நன்றாகக் காய்ந்த பிறகு கிழிந்த ஓரத்தைப் பிளேடால் சுத்தமாக வெட்டி, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினேன். ஒட்டுப்போட்ட இடம் இப்போது எனக்கே தெரிவதில்லை. அதிலிருந்து பூச்சுக்குப் பூச்சு ஓர் இரவு இடைவெளி விடுகிறேன். பெரிய பரப்பாக இருந்தால் பிரஷால் இழுக்காமல் ஸ்பாஞ்ச் துண்டால் தட்டித் தட்டிப் போடுகிறேன், அடிப்பூச்சு நகராது, கோடும் விழாது.

மாஸ்கிங் டேப் பற்றி ஒரு வரி: வண்ணம் முழுக்கக் காயும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் படலமும் கூடவே வரும். அடியில் 1 செ.மீ. பட்டையை மூன்று பாட்டில்களிலும் வெறுமையாக விட்டேன், ஈரம் ஏறும் இடத்தில் வண்ணமே இருக்கக்கூடாது. சோதனைப் பட்டை மட்டும் அங்கே இருந்தது. வாய்ப்பகுதியையும் தொடவில்லை.

சுடுவதற்கு முன் ஒரு முழு நாளுக்கு மேல் காயவிட்டேன். கார்க், பிளாஸ்டிக் மூடி எதுவும் பாட்டிலில் இருக்கக்கூடாது. குளிர்ந்த ஓவனில்தான் வைக்க வேண்டும். பாட்டில் கண்ணாடி சூட்டில் கணிசமாக விரியும், கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சூடான ஓவனில் திடீரென்று வைத்தால் மெல்லிய பகுதி முந்திக்கொண்டு விரிந்து விரிசல் விடும். ஓவன் குறித்த சூட்டைத் தொட்ட பிறகுதான் நிமிடங்களை எண்ணத் தொடங்க வேண்டும். எவ்வளவு சூடு என்பது வண்ணத்துக்கு வண்ணம் மாறும். பெபியோ நிறுவனத்தின் விட்ரியா 160 என்ற கண்ணாடி வண்ணத்துக்கு அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது: 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். உங்கள் குப்பியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், கூட்டினால் வெள்ளை மஞ்சளாகும். முடிந்ததும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட்டேன். ராத்திரி வைத்து, காலையில் எடுத்தேன்.

இதை எனாமல் என்று சொன்னாலும் பழைய எனாமல் வேறு. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் சிரியாவிலும் பள்ளிவாசல்களுக்குச் செய்த கண்ணாடி விளக்குகளில் வண்ணக் கண்ணாடியைப் பொடித்துப் பூசி, சூளையில் உருக்கி, கண்ணாடியோடு கண்ணாடியாகச் சேர்த்துவிட்டார்கள். அவை அருங்காட்சியகங்களில் இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன. வீட்டு ஓவனின் சூட்டில் அது நடக்காது, பிசின் இறுகுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அடியில் கண்ணாடி சுத்தமாக இருப்பதில் நான் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன்.

பழுப்பு பாட்டிலை ஓவனில் வைக்கவில்லை. அதில் மெல்லிய கோடுகளுக்கு நிரந்தர மார்க்கரைப் பயன்படுத்தியிருந்தேன். ஸ்பிரே வார்னிஷ் அடித்ததும் கோடுகள் மை சிந்தியது போலக் கசிந்தன. வார்னிஷில் இருந்த கரைப்பான் மார்க்கர் மையைக் கரைத்துவிட்டது. கோடுகளைத் துடைத்தெடுத்து அக்ரிலிக்கால் மறுபடி போட்டு, தண்ணீர் சார்ந்த வார்னிஷை பிரஷால் பூசினேன்.

பிறகு சோதனைப் பட்டைகள். சுட்ட இரண்டிலும் நகத்தால் கீறினேன், ஒன்றும் வரவில்லை. டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன், டேப் சுத்தமாக வந்தது. ஓர் இரவு தண்ணீரில் நிறுத்தியும் பட்டை அப்படியே இருந்தது. பழுப்பில் மூன்றாம் நாள் நகம் பட்டதும் சுருண்டது. 21 நாள் காத்திருந்து பார்த்தபோது நகத்துக்குத் தாங்கியது, ஆனால் தண்ணீரில் ஓர் இரவு நின்ற பிறகு ஓரம் மெத்தென்று ஆகியிருந்தது. அதனால் அது அலமாரியில், ஈரம் படாத இடத்தில், காய்ந்த பூக்களோடு நிற்கிறது. அங்கே அது பல வருடம் இருக்கும்.

தெளிவான பாட்டிலை அக்காவிடம் கொடுத்தேன். வாங்கியதும் அவள் நேராகக் குழாயடிக்குத்தான் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, என் கண்முன்னாலேயே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். ஒரு சுற்று முழுக்கத் தேய்த்தாள். "இந்தத் தடவை அசையல" என்றாள். அப்புறம் ஜன்னலில் வைத்து, பின்னால் தெரியும் இருண்ட இலைகளைக் காட்டி, "இது உள்ளே வரைஞ்சதா?" என்று கேட்டாள்.

அவள் கவனிக்காத ஒன்றை நான் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே ஓர் இலையின் நுனி, அரிசிமணி அளவுக்கு, போயிருந்தது. ரப்பர் பேண்ட் நழுவியபோது என் பெருவிரல் பதிந்த இடம். அக்காவிடம் சொல்லி பாட்டிலை இரண்டு நாளுக்குத் திரும்ப வாங்கிவந்திருக்கிறேன். அந்த நுனியைச் சுற்றிப் பிளேடால் வெட்டி, ஆல்கஹாலால் துடைத்து, தண்ணீர் விட்டுப் பார்த்தேன், விரிப்பு கிழியவில்லை. ஒரு பூச்சு போட்டாயிற்று. நாளை ராத்திரி மறுபடி குளிர்ந்த ஓவனுக்குள் போகும்.